தனி நம்பர் மட்டும் போதாது

வீட்டை வாடகைக்கு விடுபவர்கள் தனி செல்போன் நம்பர் வைத்துக்கொண்டால் தங்கள் சொந்த விஷயங்கள் வெளியே போகாது என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. நல்ல யோசனைதான், ஆனால் அது பாதி வேலை. நானும் தனி சிம் வாங்கினேன். அந்த வாட்ஸ்அப்பிலும் குடும்பப் படம், ஸ்டேட்டஸ் என்று வழக்கம்போல் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் வாடகைக்கு இரண்டு நாள் தவணை கேட்டுப் பேசிய குடித்தனக்காரர், "வெளியூர்ல இருக்கீங்க போல, பாப்பா நல்லா வளர்ந்துட்டா" என்றார். பாவம், அன்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் திக்கென்றது. என் வீடு பூட்டிக் கிடப்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது! அன்றைக்கே படத்தை எடுத்துவிட்டு, ஸ்டேட்டஸ் யாருக்கெல்லாம் தெரியலாம் என்பதையும் மாற்றினேன்.

அப்புறம் ஒப்பந்தம். அடையாள அட்டை நகலைக் கேட்டால் முழுசாகக் கொடுக்காதீர்கள். தேவைப்படாத எண்களை மறைத்துவிட்டு, எதற்காகக் கொடுக்கிறோம் என்று குறுக்கே எழுதிக் கொடுங்கள். வாடகைக்குத் தனி வங்கிக் கணக்கும் நல்லது. ஒரே கட்டடத்தில் இருந்து வைஃபையைப் பகிர்ந்தால் விருந்தினர் இணைப்பை (உங்கள் சாதனங்களோடு சேராத தனி வைஃபை, guest network) மட்டும் கொடுங்கள்.

ஆனால் பெயரையே மறைப்பது சரியில்லை. குழாய் உடைந்தால் யாரைக் கூப்பிடுவது, நோட்டீஸை எங்கே அனுப்புவது என்று குடியிருப்பவருக்குத் தெரிந்தே ஆக வேண்டும். பல நாடுகளில் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. அதற்கு வீட்டு முகவரிக்குப் பதில் அலுவலக முகவரியோ வழக்கறிஞர் முகவரியோ செல்லுமா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.