ஐந்தாம் அலகைச் சாய்ஸில் விடச் சொன்னவருக்கு

அந்தக் காணொளியை நேற்றிலிருந்து பலரும் எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். பார்த்துவிட்டேன், இனி அனுப்ப வேண்டாம். 'மின்சாரமும் காந்தவியலும் தாளில் ஐந்தாம் அலகைத் தொடவே தொடாதீர்கள், அப்படியே சாய்ஸில் விட்டுவிடுங்கள், பாஸாவதற்கு முதல் நான்கு அலகு போதும்' என்று பட்டப்படிப்பில் இயற்பியல் படிக்கும் பிள்ளைகளிடம் ஒரு ஆசிரியர் சிரித்துக்கொண்டே சொல்கிறார். கீழே பிள்ளைகள் வரிசையாக நன்றி எழுதியிருக்கிறார்கள். பிள்ளைகள்மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. சொன்னவர்மேல்தான் கோபம். அவரும் இயற்பியல் படித்தவர்.

ஐந்தாம் அலகில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா? மின்சாரத்தையும் காந்தத்தையும் ஒன்றாகக் கட்டும் மேக்ஸ்வெல் சமன்பாடுகள், மின்காந்த அலைகள். அதாவது ஒளி. முதல் நான்கு அலகுகளை எதற்காகப் படிக்கிறோமோ அது அங்கேதான் இருக்கிறது. கூலூம் விதி, காஸ் விதி, பயட்-சாவர்ட் விதி, ஃபாரடே விதி என்று ஒரு பருவம் முழுக்கப் பிள்ளையை வெயிலில் நடத்திக் கூட்டிவந்து, கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் 'போதும், திரும்பிப் போ' என்று சொல்வதற்குப் பெயர் உதவியா?

நான் படித்த காலத்தில் எங்கள் பேராசிரியர் அந்த அலகை நடத்திய நாளைச் சொல்கிறேன். கரும்பலகையில் இரண்டே எண்களை எழுதினார். ஒன்று மின்சாரத்தைச் சேர்ந்தது, வெற்றிடத்தின் விடுதிறன், 8.854 × 10⁻¹². மற்றொன்று காந்தத்தைச் சேர்ந்தது, வெற்றிடத்தின் உட்புகுதிறன், 12.57 × 10⁻⁷. இரண்டையும் பெருக்கு, வர்க்கமூலம் எடு, ஒன்றை அதனால் வகு என்றார். அவ்வளவுதான், வேறு எதுவும் சொல்லவில்லை. நாங்கள் லாக் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தோம். அடுக்குக்குறியில் சிலர் தடுமாறினார்கள். விடை கிட்டத்தட்ட 3 × 10⁸ என்று வந்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி, 'சார், இது ஒளியின் வேகம்!' என்று கத்தியே விட்டாள். விளக்கு இல்லை, லென்ஸ் இல்லை, கண்ணாடி இல்லை. மின்னூட்டத்தையும் காந்தத்தையும் பற்றிய இரண்டு எண்களுக்குள் ஒளி உட்கார்ந்திருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. நான் இயற்பியல் ஆசிரியரானது அந்த ஒரு மணி நேரத்தினால்தான். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் இவர் சாய்ஸில் விடச் சொல்கிறார்.

1820இல் கோபன்ஹேகனில் ஓயர்ஸ்டெட் கம்பியில் மின்னோட்டத்தைச் செலுத்தியபோது பக்கத்தில் இருந்த காந்த ஊசி திரும்பியது. 1831இல் ஃபாரடே, மாறுகிற காந்தப்புலம் மின்னோட்டத்தைத் தூண்டும் என்று காட்டினார். 1845இல் அவரே, கண்ணாடிக் கட்டிக்குள் போகும் ஒளியின் முனைவாக்கத் தளத்தை, அதாவது ஒளி அதிரும் தளத்தை, காந்தம் திருப்புவதைக் கண்டார். 1856இல் வெபரும் கோல்ராவ்ஷும் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கண்ணாடிக் குடுவையான லெய்டன் ஜாடியின் மின்னூட்டத்தை அளந்து கணக்கிட்டபோது வந்த எண்ணும் ஒளியின் வேகத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது. இத்தனையையும் சேர்த்து, ஒளியே மின்காந்த அலைதான் என்று 1860களில் மேக்ஸ்வெல் சொன்னார். அந்த அலைகளை 1887-88இல் ஹெர்ட்ஸ் ஆய்வகத்தில் உண்டாக்கிக் காட்டினார். எழுபது ஆண்டு உழைப்பின் முடிவை, கேள்வித்தாளில் தப்பிக்க வழி இருக்கிறது என்பதற்காகத் தூக்கி எறியலாமா?

'உங்களுக்கென்ன, அந்தப் பையன் ராத்திரி பனியன் கம்பெனியில் ஷிஃப்ட் முடித்துவிட்டு வருகிறான், அவனுக்குப் பாஸானால் போதும்' என்பீர்கள். தெரியும். அப்படி வருகிறவர்கள் என் வகுப்பிலும் இருக்கிறார்கள், முதல் வரிசையிலேயே தூங்கிவிடுவார்கள், நான் எழுப்புவதில்லை. அவன் களைப்பில் ஒரு அலகை விட்டால் அது அவன் முடிவு, அதை நான் மதிக்கிறேன். விடு என்று ஆசிரியர் சொல்வது வேறு.

'மேக்ஸ்வெல் சமன்பாடுகளில் வருகிற கர்ல், டைவர்ஜென்ஸ் கணக்கெல்லாம் அவர்களுக்குப் புரியாது' என்பீர்கள். ஃபாரடேவுக்கும் அந்தக் கணக்கு தெரியாது. கொல்லரின் மகன், புத்தகம் பைண்டிங் செய்யும் கடையில் தொழில் கற்றவர். விசைக் கோடுகளை வரைந்து வரைந்தே யோசித்தார். வரைந்து காட்டுங்கள், புரியும்.

'இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்' என்று கேட்பவர்களுக்குத்தான் எனக்குப் பதில் சொல்லவே மனம் வருவதில்லை. அந்தக் காணொளி உங்கள் கைப்பேசிக்கு வந்ததே அந்த அலையில்தான். ஆனால் இந்தப் பதிலும் எனக்குப் பிடிக்கவில்லை. பயன்படும் என்பதற்காக மட்டும் ஏன் படிக்க வேண்டும்? பார்க்கிற ஒவ்வொரு பொருளும் எதனால் தெரிகிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை ஒரு பட்டப்படிப்பு மாணவனுக்கு இல்லையா? 1895இல் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ், சுவரைத் தாண்டி மின்காந்த அலையை அனுப்பி மணியை ஒலிக்கவைத்தார். அவரும் ஒரு கல்லூரி ஆசிரியர்தான்.

உண்மையில் என்னை நோகவைப்பது காணொளியே அல்ல. சில மாதங்களுக்கு முன் ஆசிரியர் அறையில் ஒருவர் என்னிடம், 'இந்தப் பிள்ளைகளுக்கு இவ்வளவு எதற்கு மேடம்?' என்று கேட்டார். இந்தப் பிள்ளைகள். பெரிய நிறுவனங்களில் படிக்கிற பிள்ளைகளிடம் யாரும் மேக்ஸ்வெல்லை விட்டுவிடு என்று சொல்வதில்லை. கிராமத்திலிருந்து பஸ் மாறி மாறி வருகிற, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளையிடம்தான் இது உனக்கு வேண்டாம் என்கிறார்கள். அதை அக்கறை என்றும் சொல்லிக்கொள்கிறார்கள்.

அதே 'இந்தப் பிள்ளைகளில்' ஒருத்தி, இரண்டு தகடுகளில் மின்னூட்டத்தைத் தேக்கும் மின்தேக்கியைப் பற்றி நடத்தும்போது எழுந்து, 'மேடம், தகடுகளுக்கு நடுவே கம்பியே இல்லையே, அங்கேயும் காந்தப்புலம் இருக்குமா?' என்று கேட்டாள். வேதியியலுக்கு மணி அடித்துவிட்டது, அவள் நகரவில்லை. அந்தக் கேள்விக்கான பதில் இடப்பெயர்ச்சி மின்னோட்டம்: கம்பி இல்லாத இடத்திலும் மாறுகிற மின்புலம் மின்னோட்டத்தைப் போலவே காந்தப்புலத்தை உண்டாக்கும். அது இருப்பது ஐந்தாம் அலகில். அவளிடம் போய் 'சாய்ஸில் விட்டுவிடு' என்று நான் எந்த முகத்தோடு சொல்வது?

பருவத்தின் கடைசியில் விடுமுறையும் உள்மதிப்பீட்டுத் தேர்வும் நாட்களைத் தின்றுவிடுகின்றன, அந்த அலகு எப்போதும் அரைகுறையாகவே முடிகிறது என்பது உண்மை. அதனால் இந்த முறை நான் அதைக் கடைசிக்கு வைக்கப் போவதில்லை. ஃபாரடே விதி முடிந்த மறுநாளே அந்த இரண்டு எண்களையும் பலகையில் எழுதுகிறேன். மாறுதிசை மின்னோட்டச் சுற்றுகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். துறைத்தலைவரிடமும் சொல்லிவிட்டேன்.