ராத்திரியானால் பெட்ரோல் தீர்ந்துபோகும் வண்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிக்கப் வண்டியைப் 'பக்கி' என்பார்கள். நான் வாங்கியது அது இல்லை, பீச் பக்கி. வீடியோ காலில் மதுரைச் சித்தப்பாவுக்குக் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "பேரைக் கேட்டப்பவே தெரிஞ்சிருக்கணும்டா உனக்கு. 48,000 ரேண்டுக்குக் கதவுகூட இல்லையே?" என்றார்.

கதவு கிடையாதுதான். பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் மேல்கூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, அடித்தளத்தில் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவாக வெட்டியெடுத்து, மறுபடி வெல்டு வைத்து ஒட்டி, அதன்மேல் குளிக்கிற தொட்டி மாதிரி ஒரு ஃபைபர் உடம்பைப் போல்ட் போட்டு இறுக்கினால் பீச் பக்கி. 1964-ல் கலிஃபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் தொடங்கி வைத்த வேலை. தென்னாப்பிரிக்காவில் இது பரவியதற்குக் காரணம் சுலபம்: 1951 முதல் 1979 வரை பீட்டில் இங்கேயே, உய்ட்டன்ஹேகில் தயாரானது. (ஊருக்கு இப்போது கரீகா என்று பேர்.) துருப்பிடித்த பீட்டிலுக்குப் பஞ்சமே இல்லை. கிட் (ஃபைபர் உடம்பும் உதிரிகளும் அடங்கிய செட்) வாங்கி, வீட்டுக் கொட்டகையில் வைத்து யார் வேண்டுமானாலும் கட்டலாம்.

அந்த 'யார் வேண்டுமானாலும்' என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கம்பெனி வண்டியில் கோளாறு வந்தால் திட்டுவதற்கு ஒரு கம்பெனி இருக்கும். கிட் காரில் வரும் கோளாறு, எவரோ ஒருவர் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் 'இது போதும்' என்று எடுத்த முடிவு. நீங்கள் காசு கொடுத்து வாங்குவது அவருடைய புத்தியை. அவருடைய அவசரமும் கஞ்சத்தனமும் சேர்ந்தேதான் வரும். "நீ ஏமாந்துட்டே" என்று சொன்ன எல்லாருக்கும் இதுதான் என் பதில். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே ஒருவருடைய புத்தியை வாங்கினேன், அவ்வளவுதான்.

என் வண்டியைக் கட்டியவர் யாரென்று தெரியாது. எனக்கு முன் மூன்று கை மாறிவிட்டது. ஆனால் ஆள் எப்படிப்பட்டவர் என்று இப்போது நன்றாகத் தெரியும். அவரிடம் இருந்தது ஒரே ஒரு ரோல் வயர், சிவப்பு. டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தால் அத்தனை வயரும் சிவப்பு. அடையாளத்துக்காக ஒவ்வொன்றிலும் மாஸ்கிங் டேப் சுற்றி, பால்பாயிண்ட் பேனாவில் பொடி எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். பாதி அழிந்துவிட்டது.

முதல் வாரமே ஒரு விநோதம். பகலில் பெட்ரோல் முள் பாதியில் நிற்கும். இருட்டியதும் ஹெட்லைட்டைப் போட்டால் சரசரவென்று இறங்கிக் காலியைத் தொடும். அணைத்தால் மறுபடி பாதி. பிரேக்கை மிதித்தால் பின்னால் இண்டிகேட்டர் பல்பு மின்மினி மாதிரி லேசாக எரியும். பேய் பிடித்த வண்டி என்றாள் மனைவி.

பேயை ஓட்டியது பக்கத்து வீட்டு அண்ணன். டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவர், ரிட்டயர்ட் மெக்கானிக். வீட்டுத் தமிழ் பாட்டியோடு போய்விட்டது, 'தம்பி', 'சூடு', 'மெதுவா' என்று பத்து இருபது வார்த்தைதான் மிச்சம். மற்றதெல்லாம் ஆங்கிலம். முள் இறங்குவதை ஒரு தடவை பார்த்தார். "எர்த்" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

விஷயம் இதுதான். இரும்பு உடம்பு வண்டியில் பேட்டரியின் மைனஸ் உடம்போடு இணைந்திருக்கும். பல்பை உடம்பில் எங்கே மாட்டினாலும் கரண்ட் அது வழியாகத் திரும்பிவிடும். ஃபைபரில் கரண்ட் பாயாது, ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக எர்த் வயர், அதாவது கரண்ட் திரும்பிப் போகிற வயர், இழுத்தாக வேண்டும். நம்மாள் முன்பக்க விளக்குகளுக்கும் பெட்ரோல் அளவைச் சொல்லும் டேங்க் மிதவைக்கும் சேர்த்து ஒரே ஒல்லி வயரை இழுத்து, துருப்பிடித்த ஒரே போல்ட்டில் கட்டியிருந்தார். ஹெட்லைட் எரியும்போது அந்த வழி நெரிசலாகி, மிதவையின் கரண்ட் போக இடமில்லாமல் முள் படுத்துவிடுகிறது. பின்பக்கத்திலும் இதே கதைதான். கறுப்பு வயர் ஒரு ரோல், உப்புத்தாள், இரண்டு ஞாயிற்றுக்கிழமை. பேய் போய்விட்டது. என்னைக் கேட்டால், ஃபைபர் வண்டியில் மின்சாரக் கோளாறு என்று யார் வந்தாலும் எர்த்தைப் பார்க்காமல் வேறு எதிலும் கை வைக்கக் கூடாது.

அடுத்தது ஸ்பீடோமீட்டர். பீட்டிலில் அதன் கேபிள் முன்பக்க இடது சக்கரத்தின் நடுவிலிருந்து கிளம்புகிறது. மூடியைக் கழற்றினேன். கேபிள் நுனியைப் பிடித்திருக்க வேண்டிய கிளிப் இல்லை, அதனால் முள் அசையவில்லை. அதோடு விட்டிருக்கலாம். பேரிங்குக்குக் கிரீஸ் வைப்போமே என்று நட்டில் ஸ்பேனரைப் போட்டேன். அரை மணி நேரம் மல்லுக்கட்டியும் அசையவில்லை. அண்ணன் மதில் மேலிருந்து எட்டிப் பார்த்து, "நல்லா டைட் பண்றீங்க தம்பி" என்றார். இடது சக்கரத்துக்கு மட்டும் மரை தலைகீழ், வலப்பக்கம் திருப்பினால்தான் கழலுமாம். இந்தப் பழியை வண்டி கட்டியவர் மேல் போட முடியாது. இது என் புத்தி.

அவரை நான் மன்னிக்காத விஷயம் ஒன்று உண்டு. எஞ்சின் பளபளப்பாகத் தெரியட்டும் என்று அதைச் சுற்றியிருந்த தகரங்களைக் கழற்றிவிட்டிருந்தார். காற்றில் குளிரும் எஞ்சினுக்கு அந்தத் தகரம்தான் உயிர். கீழே சைலன்சர் பக்கமிருந்து எழும் சூட்டை மேலே ஃபேன் உறிஞ்சாமல் தடுப்பது அதுதான். பைன்டவுனிலிருந்து ஃபீல்ட்ஸ் ஹில் ஏறி முடித்து, மேலே ரோபோவில் (இங்கே டிராஃபிக் சிக்னலுக்கு அதுதான் பேர்) நின்றபோது ஆயில் விளக்கு சிமிட்டியது. சூட்டில் ஆயில் தண்ணீராக இளகியிருந்தது. பழைய தகரம் தேடிப் போட்டபின் இன்றுவரை அந்த விளக்கு எரியவில்லை.

அதனால்தான், வாங்கிய அன்றே அலாய் வீல், புது சீட், பெயின்ட் என்று போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முதல் காசு பெட்ரோல் குழாய்க்கும் பிரேக்குக்கும் போகட்டும். பீட்டில் எஞ்சினின் கூடு மக்னீசியக் கலவை. வெடித்த ரப்பர் குழாயிலிருந்து பெட்ரோல் ஒழுகித் தீப்பிடித்து அந்தக் கூடும் பற்றிக்கொண்டால், தண்ணீர் ஊற்ற ஊற்ற இன்னும் மோசமாகும். வாங்குவதற்கு முன்பே பின்சீட்டுக்கு அடியில், அடித்தளத்தின் நடு முதுகில் அடித்திருக்கும் சேஸிஸ் நம்பரைப் பேப்பரோடு ஒத்துப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் எவ்வளவு அழகாக இருந்தாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் சரிசெய்ய வேண்டும் என்றும் இல்லை. அடித்தளத்தைச் சுருக்கும்போது கியர் கம்பியையும் வெட்டி ஒட்ட வேண்டும். என்னுடையதில் அந்த ஒட்டு ஒரு நூல் திரும்பியிருக்கிறது, ரிவர்ஸ் லேசில் விழாது. கோயில் வாசலில் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி இறக்கும்போது பின்னால் எடுக்க முடியாமல், ஐயர் உட்பட நாலு பேர் தள்ளினார்கள். லீவரை அமுக்கி, இடது பக்கம் சாய்த்து, ஒரு மூச்சு விட்டுவிட்டு இழுத்தால் விழுகிறது. கண்டுபிடித்தது மனைவி. எனக்கு இன்னும் பத்துக்கு நாலு தடவைதான் விழுகிறது. திருடனுக்கும் விழாது என்பதால் அப்படியே விட்டிருக்கிறேன்.

சிவப்பு வயர்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு வருகிறேன். ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அதன் மாஸ்கிங் டேப்பில் எழுத்து இல்லை, பால்பாயிண்டில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருக்கிறார். மீட்டர் வைத்துப் பார்த்தால் பன்னிரண்டு வோல்ட் காட்டுகிறது. மறுமுனை எங்கே போகிறதென்று தெரியவில்லை. போன ஞாயிறு கட்டிங் பிளேயரோடு அடியில் படுத்தேன். அண்ணன் குனிந்து பார்த்தார். "மெதுவா தம்பி" என்றார். நுனியில் டேப் சுற்றி, இருந்த இடத்திலேயே சொருகிவிட்டு எழுந்துவிட்டேன்.