அந்தத் தம்பி மேல் தப்பில்லை

ஞாயிற்றுக்கிழமை சேலம் அஸ்தம்பட்டியில் நம் லினக்ஸ் ஆட்கள் கூடியபோது நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ஏற்காட்டிலிருந்து பஸ் ஏறி உதவி கேட்டு வந்த தம்பியை, "சிபி மைனஸ் ஆர் என்ன செய்யும்னு தெரியாமலா பேக்கப் எடுத்தே?" என்று கேட்டுச் சிரித்தார்கள். லினக்ஸில் ஃபோல்டரை மொத்தமாகக் காப்பி செய்யும் கட்டளை அது (cp -r). நானும் அங்கேதான் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. ரெண்டு நாளாக உறுத்துகிறது.

அவன் என்ன செய்தான்? எஸ்டேட் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்த ஃபோல்டரைப் புது ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி செய்தான். பழைய கணக்கும் போட்டோக்களும் உண்மையில் அதே கம்ப்யூட்டரில் இருந்த இன்னொரு பழைய டிஸ்க்கில் கிடந்தன. இந்த ஃபோல்டரில் இருந்தவை வெறும் சிம்லிங்க்குகள், அதாவது ஃபைல் வேறெங்கே இருக்கிறது என்று காட்டும் குறிப்புகள். லினக்ஸ் சிபிக்கு மைனஸ் ஆர் மட்டும் கொடுத்தால், வழியில் வரும் சிம்லிங்க்கைத் தொடர்ந்து உள்ளே போகாது, லிங்க்கை லிங்க்காகவே எடுத்து வைக்கும். வீட்டுச் சாமானை ஏற்றச் சொன்னால் விலாசச் சீட்டை மட்டும் வண்டியில் போட்ட மாதிரி. அதையும் சொல்லாது. அவன் எல்லாம் வந்துவிட்டது என்று நம்பிப் பழைய டிஸ்க்கை ஃபார்மட் செய்துவிட்டான்.

"திறந்து பார்த்திருக்கலாமே?" பார்த்தான் ஐயா, அதுதான் கொடுமை! லிங்க்கில் ஃபைல் இருக்கும் இடத்தின் முழுப் பாதை எழுதியிருந்தால், பழைய டிஸ்க் மாட்டியிருக்கும்வரை புது டிஸ்க்கில் கிளிக் செய்தாலும் போட்டோ திறக்கும். அது பழைய இடத்திலிருந்து வருகிறது என்று எப்படித் தெரியும்?

எனக்கும் இதேதான் நடந்தது. அம்மா போன மறு மாதம், செவ்வாய்பேட்டை வீட்டில் கம்ப்யூட்டர் மாற்றினேன். சேர்வராயன் கோயில் திருவிழாவில் அம்மா குடையோடு நிற்கும் படம் புது டிஸ்க்கில் அழகாகத் திறந்தது. பழையதைத் துடைத்தேன். மறுநாள் ஃபைல்களைப் பட்டியல் போடும் எல்எஸ் மைனஸ் எல் (ls -l) அடித்தால், அந்தப் பெயர் சிவப்பில், பக்கத்தில் ஓர் அம்புக்குறி, அதற்கப்பால் இல்லாத ஒரு பாதை. அந்தத் திரை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அன்று யாராவது என்னைப் பார்த்துச் சிரித்திருந்தால் இந்தத் தொழிலையே விட்டிருப்பேன்.

"மேனுவலில் இருக்கிறதே" என்பீர்கள். இருக்கிறது. ஆனால் காப்பி செய்யும் கட்டளைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. வேறு கம்ப்யூட்டருக்குக் காப்பி செய்யும் எஸ்சிபி (scp) மைனஸ் ஆர் லிங்க்கைத் தொடர்ந்து போய் உள்ளே இருப்பதையே எடுத்துவரும். பேக்கப்புக்குப் பலர் பயன்படுத்தும் ஆர்சிங்க்குக்கு (rsync) வெறும் மைனஸ் ஆர் கொடுத்தால் லிங்க்கை விட்டுவிடும், ஆனால் விட்டேன் என்று ஒரு வரி சொல்லும். சிபியோ லிங்க்கை மட்டும் எடுத்துக்கொண்டு மௌனமாக இருக்கிறது. லிங்க்கைத் தொடர வேண்டுமா என்று சொல்லும் ஹெச், எல், பி (-H, -L, -P) எதையும் மைனஸ் ஆருடன் கொடுக்காவிட்டால் சிபி என்ன செய்ய வேண்டும் என்று, யுனிக்ஸ் வகைக் கணினிகளுக்கான போசிக்ஸ் (POSIX) தரநிலையே வரையறுக்கவில்லை. 1983இல் 4.2 பிஎஸ்டி (BSD) என்ற யுனிக்ஸ் பதிப்போடு சிம்லிங்க் வந்தது. இத்தனை வருடமாகப் பெரியவர்களே முடிவு செய்யாததை ஏற்காட்டுப் பையன் மனப்பாடம் செய்திருக்க வேண்டுமா?

லிங்க்கைத் தொடராமல் இருப்பது சரிதான், ஒத்துக்கொள்கிறேன். மேல் ஃபோல்டரையே காட்டும் லிங்க் ஒன்று இருந்தால் சுற்றிச் சுற்றி வரும் ஆபத்து உண்டு. நான் கேட்பது ஒன்றே ஒன்று: சொல்லட்டும். "இத்தனை லிங்க்குகளை லிங்க்காகவே வைத்தேன்" என்று ஒரு வரி. வேலை சரியாக முடிந்தால் பேசாமல் இருப்பது யுனிக்ஸ் மரபு என்று ஒருவர் அன்றே பாடம் எடுத்தார். சரி, மரபுதான். அம்மா படம் போனவனிடம் அந்த மரபைச் சொல்லிப் பாருங்கள்.

தெரிந்த நாமாவது சொல்லித் தந்தோமா? காப்பிக்கு முன்னால் ஃபைண்ட் மைனஸ் டைப் எல் (find -type l) அடித்தால் லிங்க்குகள் வரிசையாக வந்து நிற்கும். லிங்க் காட்டும் ஃபைலே வேண்டுமென்றால் சிபியோடு பெரிய எல் (-L) சேர்த்துக் காப்பி செய்யலாம். பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டு ஒருமுறை திறந்து பார்க்கலாம். ரெண்டு நிமிடப் பேச்சு. அதற்குப் பதிலாகச் சிரித்தோம். அவன் டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனான்.

தம்பி, இதைப் படித்தால், அந்தப் பழைய டிஸ்க்கில் இனி எதையும் எழுதாதே, கம்ப்யூட்டரில் மாட்டவும் செய்யாதே. அப்படியே எடுத்துக்கொண்டு கடைக்கு வா. அழிந்த ஃபைல்களைத் தேடி எடுக்கும் ஃபோட்டோரெக் (PhotoRec) ஓட்டிப் பார்ப்போம். ஃபைல் பெயர்கள் வராது, படங்கள் கொஞ்சமாவது வரலாம். எந்த நேரமானாலும் வா, நான் இருப்பேன்.