தொலை அடையாள விதி: மலையகத்தில் பரவும் ட்ரோன் செய்தி தவறானது

தொலை அடையாளக் கருவி (பறக்கும்போதே ட்ரோனின் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் அறிவிக்கும் Remote ID கருவி) இல்லாத ட்ரோனை இனிப் பறக்கவிட முடியாது, இணையத் தொடர்பு கட்டாயம், பறக்கவிடுபவரின் பெயரும் தொலைபேசி இலக்கமும் யாவருக்கும் தெரியும் என்றொரு வட்ஸ்அப் செய்தி, ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பகுதிகளில் பொழுதுபோக்காக ட்ரோன் பறக்கவிடுவோரிடையே பரவுகிறது.

இது இலங்கைச் சட்டம் அன்று. ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2019 டிசம்பரில் வெளியிட்ட தொலை அடையாள விதி வரைவைச் சிதைத்துச் சொல்லும் செய்தியே இது. அந்த வரைவில் இணையவழித் தகவல் அனுப்பும் நிபந்தனை இருந்தது உண்மை. ஆனால் கடும் எதிர்ப்புக்குப் பின், 2021 ஜனவரியில் வெளியான இறுதி விதியில் அது கைவிடப்பட்டு, ட்ரோனிலிருந்து நேரடியாக அனுப்பப்படும் வானலைச் சமிக்ஞை போதுமென வரையறுக்கப்பட்டது. (சிக்னல் கிடைக்காத நம் பள்ளத்தாக்குகளை அறிந்தவர்களுக்கு இம்மாற்றத்தின் அருமை புரியும்.) அச்சமிக்ஞையில் ட்ரோனின் அடையாள எண், இருப்பிடம், உயரம், வேகம் ஆகியவை இருக்கும், பெயரோ தொலைபேசி இலக்கமோ இராது. எனினும் இயக்குபவர் நிற்கும் இடம் அருகிலுள்ளோருக்குத் தெரியக்கூடும் என்பதால், அமெரிக்காவில் ட்ரோன் பறக்கவிடுவோரின் தனியுரிமைக் கவலையை வெறும் வதந்தியென ஒதுக்கிவிட முடியாது. பொழுதுபோக்குக்கு மட்டும் பறக்கும், 250 கிராமுக்குக் குறைந்த ட்ரோன்களுக்கு அங்கு விலக்கும் உண்டு.

இலங்கையில் ட்ரோன்களை ஒழுங்குபடுத்துவது சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபை. பதிவு, அனுமதி பற்றிய நடப்பு விதிகளை அதன் இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். அமெரிக்க விதி இங்கு செல்லாது என்பதால் அனுமதியின்றிப் பறக்கவிடலாம் என்று எவரும் கருத வேண்டாம். அந்த வட்ஸ்அப் செய்தியை மேலும் பகிராதிருக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.