ஒரு நாள் முழுக்க மணி சாப்பிட்டதை எழுதி வைத்தேன்

எங்கள் நாய் மணிக்கு ஏழு வயது. லேப்ரடார் இனம். உறையூரில் எங்கள் தெருவில் அவனைத் தெரியாதவர்கள் கிடையாது. பிப்ரவரியில் தடுப்பூசிக்குக் கூட்டிப்போனபோது எடை 43 கிலோ காட்டியது. ஆண் லேப்ரடாருக்கு 36 கிலோவே மேல் எல்லை என்றார் மருத்துவர். திட்டவில்லை. “ஒரு நாள் அவன் வாய்க்குள் போகிற எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வாருங்கள்” என்று மட்டும் சொன்னார்.

கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். காலை ஐந்தரைக்கு என் கணவரின் காபியோடு இரண்டு பிஸ்கட். ஆறரைக்குப் பால் பாத்திரத்தில் ஒட்டிய ஆடை. எட்டு மணிக்கு என் மாமியார் கையால் நெய் தடவிய மூன்று இட்லி, சாம்பாரில் தோய்த்து. பத்து மணிக்கு அவனுக்கென்று வாங்கும் நாய் உணவு, கிண்ணம் நிறைய. மதியம் தயிர்சாதம், தொட்டுக்கொள்ள அப்பளம். நான்கரைக்குப் பள்ளி விட்டு வந்த மகளின் முறுக்கில் பாதி. ஆறு மணிக்கு எதிர்வீட்டு அம்மா சுற்றுச்சுவருக்கு மேலாக நீட்டிய ரஸ்க். இரவு மறுபடியும் கிண்ணம். படுக்கப் போகும்முன் நான் கொடுத்த சப்பாத்தித் துண்டு. தாளில் இடம் போதாமல் ஓரத்தில் எழுத வேண்டியதாயிற்று.

இடைப்பட்ட நேரமெல்லாம் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே தூக்கம். சித்திரை வெயில் வந்துவிட்டால் குளிர்சாதன அறை. மாலையில் பத்து நிமிட நடை. அந்தப் பத்து நிமிடமும் ஒரு கையில் கயிறு, மறு கையில் கைப்பேசி என்றுதான் போயிருக்கிறேன். அவன் எங்காவது நின்றால் “வாடா, வாடா” என்று இழுத்திருக்கிறேன். வீட்டில் நாங்கள் ஐந்து பேர். ஒவ்வொருவரும் கொஞ்சம்தானே கொடுத்தோம் என்று நினைத்திருக்கிறோம். அதையெல்லாம் வாங்கியது ஒரே வயிறு என்பது அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

தமிழில் செல்லம் என்ற ஒரே சொல் அன்பையும் சொல்கிறது, அளவு மீறுவதையும் சொல்கிறது. குழந்தைக்கு அளவு மீறினால் ‘செல்லம் கொடுத்துக் கெடுக்காதே’ என்று பெரியவர்கள் தடுப்பார்கள். நாய்க்கு அப்படித் தடுக்க யாரும் வருவதில்லை. கொழுகொழுவென்று இருக்கிறான், நன்றாக வளர்க்கிறீர்கள் என்று பாராட்டுகிறார்கள். எனக்கும் அந்தப் பாராட்டு பிடித்திருந்தது. விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும் என்று மருத்துவர் காட்டித்தந்தபோது மணியின் விலாவைத் தேடினேன். என் விரலுக்கு அகப்படவே இல்லை.

“அப்படிப் பார்க்கிறானே, பசிக்காதா?” என்று எல்லோரும் கேட்கிறார்கள். லேப்ரடார் வளர்ப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். 2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஏறத்தாழ நான்கில் ஒரு லேப்ரடாருக்கு பசியைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவில் குறை இருப்பதைக் கண்டறிந்தார்கள். அப்படிப்பட்ட நாய்க்கு உணவின் மேல் நாட்டம் அதிகம், எடையும் கூடும். அது கெஞ்சுவதை நாம் பட்டினி என்று எடுத்துக்கொள்கிறோம். 2002இல் வெளியான இன்னொரு ஆய்வில் 48 லேப்ரடார்களைக் குட்டியிலிருந்து வாழ்நாள் முழுவதும் கவனித்தார்கள். ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு மட்டும் கால் பங்கு உணவைக் குறைத்தார்கள். குறைவாகச் சாப்பிட்டவை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன. மூட்டுத் தேய்மானமும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே வாழும் ஓர் உயிருக்கு இரண்டு ஆண்டு என்பது எவ்வளவு பெரியது! அதை நான் ரஸ்க்காகவும் முறுக்காகவும் கொடுத்துத் தீர்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த இட்லி சாம்பாரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சின்ன வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியவை. வேகவைத்தாலும் அந்தக் குணம் போகாது. பாயசத்தில் போடும் உலர் திராட்சை சிறுநீரகத்தையே பாதிக்கலாம். சாக்லேட்டும் ஆகாது. நம் அடுப்படியில் தினம் புழங்கும் பொருள்கள் இவை. தயவுசெய்து வீட்டுப் பெரியவர்களுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் அது எளிதாக நடக்கவில்லை. “வாயில்லா ஜீவனை வயிறு காயப் போடாதேம்மா, பாவம் வரும்” என்று என் மாமியார் இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். கையால் ஊட்டித்தான் அன்பைக் காட்டத் தெரிந்த தலைமுறை. மூன்றாம் நாள் வெள்ளரிக்காயை வில்லை வில்லையாக நறுக்கி அவர் கையில் கொடுத்தேன். “அத்தை, எட்டு மணிக்கு இட்லிக்குப் பதில் இதை நீங்களே கொடுங்கள்” என்றேன். மணி அதே வேகத்தில் வாலாட்டி வாங்கிக்கொண்டான். அவர் கையால் வாங்குவதுதான் அவனுக்கு முக்கியமாக இருந்தது. இப்போது கேரட்டும் அவித்த பீன்ஸும் அவர் பொறுப்பு.

நாய்க்குப் பிறந்தநாள் கேக் வெட்டுவதும் திருச்சி வெயிலில் பட்டுச்சட்டை மாட்டுவதும் இப்போது பெருகிவருகின்றன. எனக்கு இவற்றில் உடன்பாடு இல்லை. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். அதற்குச் சட்டை வேதனை. படம் எடுத்துப் போட்டு மகிழ்வது நாம்தான்.

அவன் விரும்பியதெல்லாம் நாங்கள் நடை போகும் அந்தத் தெருவில் இருந்தது. மனித மூக்கில் மணம் அறியும் செல்கள் ஏறத்தாழ 50 லட்சம் என்றால் நாய்க்கு 10 கோடிக்கும் மேல். நாம் செய்தித்தாள் படிப்பதுபோல் அவன் கம்பத்தையும் மரத்தடியையும் முகர்ந்து படிக்கிறான். ஏழு வருடமாக அவன் முதல் வரியைப் படிப்பதற்குள் நான் தாளைப் பிடுங்கியிருக்கிறேன். இதை எழுதும்போதும் மனம் கனக்கிறது.

ஐந்து மாதத்தில் 38 கிலோவுக்கு வந்துவிட்டான். மாடிப்படி ஏறும்போது இப்போது நடுவில் உட்காருவதில்லை. விடியற்காலை, தார்ச்சாலை சுடுவதற்கு முன்பே கிளம்பிவிடுகிறோம். கைப்பேசி வீட்டில் இருக்கிறது. இன்று தெருமுனை வேப்பமரத்தடியில் ஒரே வேரை வெகுநேரம் முகர்ந்துகொண்டிருந்தான். பால்காரர் வண்டியை நிறுத்தி, “என்னம்மா, தொலைத்ததைத் தேடுகிறானா?” என்று கேட்டார். கயிற்றைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு, அவன் தலையை நிமிர்த்தும்வரை நின்றிருந்தேன்.