வக்கீலிடம் முதலில் பணம் போகும் வழியைக் கேளுங்கள்

2025 ஜனவரி 7-ஆம் தேதி சாயங்காலம், கலிஃபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஈட்டன் காட்டுத்தீ பிடித்தது. அது முழுசாக அணைவதற்கு முன்பே ஆல்டடீனா, பாசடீனா பக்கம் எங்கே திரும்பினாலும் வக்கீல் விளம்பரம். பெரிய பெரிய பலகைகள், ஃபேஸ்புக்கைத் திறந்தால் வக்கீல், யூடியூபைத் திறந்தால் வக்கீல், ஹோட்டல் ஹாலில் இலவச ஆலோசனைக் கூட்டம். எல்லாம் தீக்குக் காரணம் என்று சொல்லப்படும் எடிசன் மின்கம்பெனி மீது வழக்கு போடத்தான். அந்தத் தீயில் 9,400-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் போயின. பாதிக்கப்பட்டவர்களில் நம் ஆட்களும் உண்டு. அந்த மலையடிவாரத்தில்தான் நாசாவின் விண்வெளி ஆய்வகம் ஜேபிஎல் இருக்கிறது, அங்கே வேலை பார்ப்பவர்கள் பலர் வீடு இழந்தார்கள். எனக்கு நெருக்கமான ஒரு குடும்பமும் அதில் ஒன்று. அவர்களோடு உட்கார்ந்து வக்கீல் ஒப்பந்தங்களை வரி வரியாகப் படித்ததில் கிடைத்த கோபமும் தெளிவும்தான் இந்தப் பதிவு. நான் வக்கீல் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நம்ம ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. இந்தியாவில் வக்கீல் விளம்பரம் செய்யக்கூடாது, பார் கவுன்சில் விதி. ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று ஃபீஸ் பேசுவதும் கூடாது. அங்கே வக்கீல் என்றால் மாமாவுக்குத் தெரிந்தவர், அப்பாவின் நண்பர், அந்த வழியில்தான் போவோம். இங்கே வந்து ஒரு ஆள் கோட்டு சூட்டு போட்டு இருபதடி உயரத்துக்குப் பலகையில் சிரித்தால், ஒன்று “இவன் ஃபிராடு” என்று ஒதுங்குகிறோம், இல்லையென்றால் “இவ்வளவு செலவு பண்ணியிருக்கான், பெரிய ஆளாத்தான் இருக்கணும்” என்று மயங்கிவிடுகிறோம். இரண்டுமே தப்பு. விளம்பரம் இங்கே சட்டப்படி அனுமதிக்கப்பட்டது, நல்ல வக்கீலும் செய்வார், மோசமான வக்கீலும் செய்வார், அதை வைத்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

அப்போ பெயரை வைத்துத் தெரிந்துகொள்ளலாமா? டாம் ஜிரார்டி கதையைக் கொஞ்சம் பாருங்கள். கலிஃபோர்னியாவில் பாதிக்கப்பட்டவர்களுக்காக வாதாடுபவர்களில் அவர் பெயர் தெரியாதவர்கள் கிடையாது. ஹிங்க்லி என்ற சின்ன ஊரின் நிலத்தடி நீர் கெட்டுப்போன வழக்கில், 1996-இல் பிஜி அண்ட் ஈ என்ற மின்சார, எரிவாயுக் கம்பெனியிடமிருந்து 333 மில்லியன் டாலர் வாங்கிக் கொடுத்த வக்கீல்களில் ஒருவர். அதே கம்பெனியின் எரிவாயுக் குழாய் 2010-இல் சான் புரூனோவில் வெடித்து ஒரு இளைஞர் உடலெல்லாம் வெந்துபோனார். அவருக்காக 53 மில்லியன் டாலருக்கு செட்டில்மென்ட் வாங்கிவிட்டு, அந்தக் குடும்பத்திடம் 7.25 மில்லியன்தான் கிடைத்தது என்று சொல்லியிருக்கிறார் இந்த மனிதர். 2018-இல் இந்தோனேசியாவில் விழுந்த லயன் ஏர் விமானத்தில் செத்தவர்களின் குடும்பங்களுக்கு வந்த பணத்திலும் கை வைத்திருக்கிறார். 2022-இல் வக்கீல் உரிமம் பறிபோனது, 2024-இல் குற்றவாளி என்று ஜூரி சொன்னது, 2025-இல் ஏழு வருஷத்துக்கு மேல் சிறைத் தண்டனை.

இதில் என்னை உலுக்கியது அவர் திருடியதுகூட இல்லை. அவர் மீது நாற்பது வருஷத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட புகார்கள் வந்திருக்கின்றன என்று வக்கீல்களுக்கு உரிமம் கொடுக்கும் மாநில பார் அமைப்பே பிறகு ஒப்புக்கொண்டது. ஆனால் அத்தனை வருஷமும் அவர்களுடைய இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் சுத்தமான ஆள் என்றுதான் காட்டியிருக்கும். இருந்தாலும் அந்தத் தளத்தில் தேடுங்கள், உரிமம் நடப்பில் இருக்கிறதா, முன்பு தண்டனை ஏதாவது உண்டா என்று பாருங்கள், அஞ்சு நிமிஷ வேலை. அதில் ஒன்றும் இல்லை என்பதற்காக மட்டும் நிம்மதியாகத் தூங்கிவிடாதீர்கள்.

சரி, பின்னே எதை நம்புவது? என் பதில், ஒப்பந்தத் தாளை. அதிலும் குறிப்பாகப் பணம் எந்த வரிசையில் கழியும் என்பதை.

எல்லாரும் “உங்க ஃபீஸ் எத்தனை சதவீதம்” என்று மட்டும் கேட்கிறார்கள். 30 என்றால் சந்தோஷம், 33 என்றால் யோசனை. அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. வழக்குச் செலவு இருக்கிறதல்லவா, தீ எப்படிப் பிடித்தது என்று சொல்லும் நிபுணர்கள், வீட்டு மதிப்பு போடுபவர்கள், ஆவணச் செலவு, இதெல்லாம் சதவீதம் கணக்கிடுவதற்கு முன்னால் கழியுமா, பின்னால் கழியுமா? உதாரணமாகப் பத்து லட்சம் டாலர் வருகிறது, செலவு ஒரு லட்சம், ஃபீஸ் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தத் தொகையில் சதவீதம் எடுத்தால் வக்கீலுக்கு 3 லட்சம், செலவு 1 லட்சம், உங்களுக்கு 6 லட்சம். செலவை முதலில் கழித்துவிட்டு மீதியில் எடுத்தால் வக்கீலுக்கு 2.7 லட்சம், உங்களுக்கு 6.3 லட்சம். அதே 30 சதவீதம்தான், முப்பதாயிரம் டாலர் வித்தியாசம். எரிந்துபோன வீட்டின் சமையலறையைத் திரும்பக் கட்டுகிற காசு அது.

இந்தக் கேள்வியை என் நண்பரின் மனைவி ஒரு அலுவலகத்துக்கு ஃபோன் போட்டுக் கேட்டார், ஸ்பீக்கரில் நானும் இருந்தேன். அதுவரை மடமடவென்று பேசிக்கொண்டிருந்த பெண் நின்றுவிட்டார். “அதை அட்டர்னிகிட்ட கேட்டுச் சொல்றேன், இப்போதைக்கு மெயில்ல வர்ற லிங்க்ல கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பிடுங்க” என்றார். ஃபோனை வைத்ததும் அவர் என்னைப் பார்த்து, “அண்ணா, பதிலே தெரியாம கையெழுத்து மட்டும் எப்படி போடறது?” என்று கேட்டார். போடவில்லை. அந்த அலுவலகத்திலிருந்து பதில் வரவே இல்லை, கையெழுத்தை ஞாபகப்படுத்தும் மெசேஜ் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

இத்தனைக்கும் கலிஃபோர்னியாவில் இது சட்டம். சதவீத ஃபீஸ் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், செலவுகள் உங்கள் தொகையை எப்படிப் பாதிக்கும் என்று அதில் சொல்லியிருக்க வேண்டும், இந்த ஃபீஸ் சட்டம் நிர்ணயித்ததில்லை, பேசிக் குறைக்கலாம் என்ற வாசகமும் அதிலேயே இருக்க வேண்டும். கையெழுத்தான பிரதி ஒன்று உங்களுக்குத் தர வேண்டும். இந்த விதிகளைப் பின்பற்றாத ஒப்பந்தத்தை நீங்கள் ரத்து செய்துகொள்ளலாம். பேரம் பேசலாம் என்று அவர்களே அச்சடித்துக் கொடுக்கும் தாளை வாங்கிக்கொண்டு பேரம் பேசாமல் வருகிற ஒரே கூட்டம் நாமாகத்தான் இருக்கும், அதுவும் தி.நகரில் அம்பது ரூபாய்க்குப் பத்து நிமிஷம் நிற்கிற நாம்.

இன்னொரு இடம், இன்சூரன்ஸ். உங்கள் வீட்டு இன்சூரன்ஸ் பணம் வேறு, மின்கம்பெனி மீதான வழக்கு வேறு. இன்சூரன்ஸ் கம்பெனி உங்களுக்குக் கொடுத்ததை அது தனியாக மின்கம்பெனியிடம் கேட்டுக்கொள்ளும். நீங்கள் வழக்கில் கேட்பது பெரும்பாலும் இன்சூரன்ஸ் ஈடுகட்டாத மீதியை, வீட்டு மதிப்பின் இடைவெளி, வெளியே தங்கிய செலவு, மரங்கள், மனவேதனை என்று. அப்படியிருக்க, நீங்களே ஃபாரம் நிரப்பி நீங்களே வாங்கிய இன்சூரன்ஸ் பணத்தில் வக்கீலுக்கு என்ன பங்கு? ஒப்பந்தத்தில் “அனைத்து வரவுகளிலும்” என்ற மாதிரி ஒரு வரி இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். இன்சூரன்ஸ் தொகை இதில் சேராது என்று எழுதி வாங்குங்கள். எடிசன் கம்பெனி ஈட்டன் தீக்கு நேரடி இழப்பீட்டுத் திட்டம் ஒன்று கொண்டுவந்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் பணம் வாங்கினால் வழக்கு போடும் உரிமையை விட்டுவிட வேண்டும். போகலாமா வேண்டாமா என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு கணக்கு. ஆனால் “நான் அந்தத் திட்டத்துக்குப் போனால் உங்கள் சதவீதம் அதேதானா?” என்று கையெழுத்துக்கு முன்பே கேட்க வேண்டும். கோர்ட் படியே ஏறாமல், ஒரு விண்ணப்பம் நிரப்பியதற்கு, மூன்று வருஷம் வாதாடியதற்கான ஃபீஸ் கொடுப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை.

நான் ஏதோ வக்கீல்களே வேண்டாம் என்று சொல்வதாக நினைக்காதீர்கள். தனி ஆளாக ஒரு மின்கம்பெனியை எதிர்த்து நிற்க நம்மால் ஆகாது. பழைய மின்கம்பியின் ஆவணங்களைக் கேட்டு வாங்குவது, நிபுணர்களுக்கு லட்சக்கணக்கில் முன்பணம் போடுவது, தோற்றால் அந்தக் காசை விட்டுவிடுவது, இதையெல்லாம் அவர்கள்தான் செய்கிறார்கள். வட கலிஃபோர்னியாவில் பாரடைஸ் ஊரை எரித்த 2018 கேம்ப் தீயில் 85 பேர் செத்தார்கள், பிஜி அண்ட் ஈ 2020-இல் 84 மனிதச் சாவுகளுக்குக் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதன் மின்கோபுரத்தில் தேய்ந்துபோன ஒரு கொக்கி, கிட்டத்தட்ட நூறு வருஷப் பழசு, அதிலிருந்துதான் தீ.

ஆனால் அதே பாரடைஸ்தான் எனக்கு முக்கியமான இன்னொரு கேள்வியையும் கொடுத்தது. கம்பெனி திவால் நோட்டீஸ் கொடுத்தது, பாதிக்கப்பட்டவர்களுக்கு 13.5 பில்லியன் டாலர் என்று அறிவித்தார்கள். தலைப்புச் செய்தி அதுதான். உள்ளே பார்த்தால் பாதிதான் ரொக்கம், மீதிப் பாதி அந்தக் கம்பெனியின் பங்குகள்! வீட்டை எரித்த கம்பெனியின் பங்கு விலை ஏற வேண்டும் என்று வீடு இழந்தவன் வேண்டிக்கொள்ள வேண்டிய நிலைமை. பங்கு விலை எதிர்பார்த்த அளவுக்கு இல்லை, பல வருஷம் காத்திருந்த பிறகும் பலருக்குத் தங்களுக்கு ஒப்புக்கொண்ட தொகையில் முழுசாக வரவில்லை. இந்தத் திட்டத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போடுங்கள் என்று தாங்கள் வாதாடிய குடும்பங்களிடம் சொன்ன வக்கீல்கள் நிறைய பேர். வேண்டாம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள்.

இன்று ஆல்டடீனாவில் விளம்பரம் செய்யும் அலுவலகங்களில் பல, “கேம்ப் தீ, லஹைனா தீ எல்லாவற்றிலும் எங்களுக்கு அனுபவம்” என்றுதான் ஆரம்பிக்கின்றன. அருமை. அப்போ கேளுங்கள்: பாரடைஸில் உங்களிடம் எத்தனை குடும்பங்கள், பங்கு விஷயத்தை அவர்களுக்கு எப்போது சொன்னீர்கள், என்ன சொன்னீர்கள், கடைசியில் ஒப்புக்கொண்ட தொகையில் எத்தனை சதவீதம் கைக்குப் போனது? எத்தனை பில்லியன் ஜெயித்தோம் என்ற கணக்கு எனக்கு வேண்டாம். மௌயி தீவில் லஹைனாவுக்கு நாலு பில்லியன் என்றார்கள், நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்கள், ரெண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்கள், அதற்குள் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் பங்கு கேட்டு ஹவாய் உச்ச நீதிமன்றம் வரை போனது. பில்லியனைத் தலைக்கு வகுத்துப் பார்த்தால்தான் நிலவரம் புரியும்.

கெட்ட செய்தியைத் தன் கட்சிக்காரரிடம் நேரத்தில் சொன்னவரா என்பதுதான் என் அளவுகோல். உங்கள் வழக்கின் பலவீனத்தை முதல் சந்திப்பிலேயே சொல்கிறவர் கிடைத்தால் அவரை இன்னொரு முறை போய்ப் பாருங்கள். வீடு எரியாமல் புகையும் சாம்பலும் மட்டும் புகுந்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அவர்களுக்குக் கிடைக்கக்கூடியது வீடு இழந்தவர்களுக்குக் கிடைப்பதைவிடக் குறைவாக இருக்கும், அதை யாரும் விளம்பரத்தில் சொல்லமாட்டார்கள்.

அப்புறம் இந்த வாட்சப் சிபாரிசு. நம்ம தமிழ்ச்சங்கக் குழுவில் ஒருவர் ஒரு நம்பரைப் போடுவார், “ரொம்ப நல்லவர், நம்ம ஆளு” என்பார், அதற்குக் கீழே நாற்பது கும்பிடு. போட்டவர் நல்ல மனசோடுதான் போட்டிருப்பார். ஆனால் அந்த நம்பரில் இருக்கும் வக்கீல் உங்கள் கேஸை நடத்தப்போகிறவரா, இல்லை இன்னொரு பெரிய அலுவலகத்துக்குக் கைமாற்றிவிட்டு ஃபீஸில் பங்கு வாங்கப்போகிறவரா? ஃபீஸைப் பங்கு பிரிப்பது இங்கே தப்பில்லை, ஆனால் யார் யாருக்கு எவ்வளவு என்று உங்களுக்கு எழுத்தில் சொல்லி, உங்கள் சம்மதத்தையும் எழுத்தில் வாங்க வேண்டும், அதைக் காரணம் காட்டி மொத்த ஃபீஸைக் கூட்டக்கூடாது. வக்கீலே இல்லாத ஒருவர் காசு வாங்கிக்கொண்டு ஆள் பிடித்துக் கொடுப்பது நேரடியாகக் குற்றம். முகாமிலோ, இடிபாட்டுக்கு முன்னாலோ வந்து தோளில் கை போட்டு ஃபாரம் நீட்டுகிறவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

யார் என் ஃபைலைக் கையில் வைத்திருப்பார், அவரிடம் எத்தனை குடும்பங்களின் ஃபைல் இருக்கிறது, நான் ஃபோன் செய்தால் யார் எடுப்பார், இதையும் கேளுங்கள். இவை பெரும்பாலும் ஊரே சேர்ந்து ஒரே வழக்காகப் போடுவது இல்லை, ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வழக்கு, கோர்ட் ஒரே இடத்தில் சேர்த்து நடத்துகிறது. மொத்தமாக ஒரு தொகைக்கு சமரசம் என்று வந்தாலும் உங்கள் பங்கு என்ன, மற்றவர்களுக்கு என்ன என்று விளக்கி உங்கள் சம்மதத்தை எழுத்தில் வாங்காமல் உங்கள் பெயரில் கை போட வக்கீலுக்கு உரிமை கிடையாது. பணம் வந்தால் கட்சிக்காரர் பணத்துக்கென்று இருக்கும் தனிக் கணக்கில்தான் போட வேண்டும், வந்து பதினாலு நாளுக்குள் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். ஜிரார்டி விளையாடியது அந்தக் கணக்கில்தான்.

அவசரப்படாதீர்கள் என்று சொன்னால் “டெட்லைன் போயிடும்” என்று பயமுறுத்துவார்கள். தனியார் கம்பெனி மீதான சொத்துச் சேத வழக்குக்குக் கலிஃபோர்னியாவில் மூன்று வருஷம், காயம், உயிரிழப்பு என்றால் இரண்டு வருஷம். அரசு அமைப்பு மீது என்றால் சில கோரிக்கைகளை ஆறே மாதத்தில் எழுத்தில் கொடுத்துவிட வேண்டும், அங்கே மட்டும் உண்மையிலேயே அவசரம். மற்றபடி ரெண்டு மூணு அலுவலகத்தில் பேசிப் பார்க்க நேரம் தாராளமாக இருந்தது.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? வக்கீலை மாற்ற உங்களுக்கு எப்போதும் உரிமை உண்டு, காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. பழையவர் அதுவரை செய்த வேலைக்குப் பின்னால் வரும் தொகையில் நியாயமான பங்கு கேட்கலாம். புது ஆளிடம், அது அவருடைய சதவீதத்துக்குள்ளேயே அடங்குமா, மேலே தனியாக வருமா என்று தெளிவாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஃபைல் உங்களுடையது, கேட்டால் கொடுத்தாக வேண்டும்.

கமென்ட்டில் வந்து நல்ல வக்கீல் பேர் சொல்லுங்க என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். ஒப்பந்தத்தின் செலவுப் பகுதி புரியவில்லை என்றால் பெயர், முகவரியை மறைத்துவிட்டு அந்தப் பக்கத்தை மட்டும் இன்பாக்ஸில் அனுப்புங்கள், வார இறுதியில் சேர்ந்து படித்து, அவரிடம் கேட்க வேண்டியதை எழுதிக்கொள்ளலாம்.