கோழை என்று சொன்னவருக்கு

உசிலம்பட்டிப் பக்கம் தற்கொலை செய்துகொண்ட பட்டாளத்தாரின் துஷ்டி வீட்டில் பேசியதை வாட்ஸ்அப்பில் சுற்ற விட்டிருக்கிறார்களே, கேட்டிருப்பீர்கள். "பட்டாளத்துல இருந்தவன் இப்படிக் கோழையாப் போயிட்டானே." சரி ஐயா, நீங்கள் வீரர். ஆயுசில் கேட்ட வெடிச் சத்தம் சித்திரைத் திருவிழா வேட்டு மட்டும்தான் என்றாலும் வீரர்தான். அவர் தலையில் கட்டோடு லீவில் வந்ததை நீங்களும்தானே பார்த்தீர்கள்? அடிபட்ட மூளையோடு பல வருஷம் மல்லுக்கட்டிய மனுஷனைக் கோழை என்று சொல்லாதீர்கள்.

என் சித்தப்பாவும் பட்டாளம்தான். காஷ்மீரில் அவர் போன வண்டிக்குப் பக்கத்தில் கண்ணிவெடி வெடித்தது. உடம்பில் ஒரு கீறல் இல்லை, ஸ்கேனும் நார்மல், குலசாமிக்குக் கெடா வெட்டினோம். வெடி அதிர்ச்சியில் மூளைக்குள் நரம்பிழைகள் சேதப்பட்டால் சாதாரண ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது என்பதெல்லாம் அப்போது யாருக்குத் தெரியும்? முன்பு ரம்மியில் அவரை ஜெயிக்க ஊரில் ஆள் கிடையாது. வந்தபிறகு தோற்கிற ஆட்டம் என்று தெரிந்தும் எழுந்திருக்க மாட்டார். பேரையூர் ரோட்டில் இருந்த 40 சென்டை ஒரு டீ குடிக்கிற நேரத்தில் பாதி விலைக்குப் பேசி முடித்துவிட்டு வந்தார். அமெரிக்காவில் 1990-களில், நெற்றிக்குப் பின்னால் மூளை சேதப்பட்டவர்களைச் சீட்டு எடுக்க வைத்துச் சோதித்தார்கள். எந்தக் கட்டு நஷ்டம் என்று புரிந்த பிறகும் சிலர் அதிலேயே கை வைத்தார்கள். படித்தபோது எனக்கு அந்த 40 சென்ட்தான் கண்ணில் நின்றது. புத்தி இருக்கிறது, பிரேக்தான் பிடிக்கவில்லை.

"செத்தவரு குடிச்சாருல்ல?" குடித்தார். கேன்டீன் ரம்மைச் சொல்லிக்காட்டாத ஆளே இல்லை, அவரிடம் ஓசியில் வாங்கிக் குடித்தவர்கள் உட்பட. "எல்லாப் பட்டாளத்தாருமா இப்படிப் போறாங்க?" இல்லை, பெரும்பாலானவர்கள் போவதில்லை. ஆனால் டென்மார்க்கில் 1980 முதல் 2014 வரை 74 லட்சம் பேரின் பதிவேடுகளைப் பார்த்ததில், தலையில் அடிபட்டவர்களிடம் தற்கொலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. அது சாதாரண ஜனம். பட்டாளத்தாருக்கு அதற்கு மேல் தூக்கமில்லாத ராத்திரியும் கெட்ட கனவும் வேறு. "அப்ப எல்லாத்துக்கும் மூளைதானா?" என்று வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமையில்லை, போங்கள்.

நான் என்னமோ யோக்கியன் மாதிரி எழுதுகிறேன். நிலம் போன அன்றைக்கு "இந்தாளுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சு" என்று தெருவில் நின்று கத்தியது நான்தான். ராத்திரி அவர் போன் அடித்தால் எடுக்காமல் கவிழ்த்து வைத்ததும் நான்தான்.

அந்த ஆடியோவில், கோழை என்ற சொல்லுக்கு அப்புறம் டீ கிளாஸைக் கீழே வைக்கிற சத்தம் ஒன்று கேட்கும். அது சித்தப்பா. பக்கத்து சேரில்தான் உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. சித்தி போனில் அரசு மனநல உதவி எண் 14416-ஐப் பதிந்து கொடுத்திருக்கிறேன். மூன்று நாளாக ராத்திரி அவர் வீட்டுத் திண்ணையில்தான் எனக்குப் படுக்கை.